போய்ச் சேராத பதினோரு செய்திகள்

மலேசியாவில், மலாக்காவை அடுத்த புக்கிட் ரம்பாய் ஊரின் தொழிற்சாலை ஒன்றில் ஏழு வருடம் கணினி வேலை பார்த்த மோகனா, போன வருடம் அதை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையிலேயே இணையத்தளம் செய்து கொடுக்கும் தொழிலைத் தொடங்கினாள். முதல் இரண்டு வாடிக்கையாளர்கள் தெரிந்தவர்கள். மூன்றாவதாக வந்தவர் ஆயர் குரோ ஊரைச் சேர்ந்த உஷாந்தி. நோயாளிகளின் வீட்டுக்கே தாதியரையும் ஆக்சிஜன் மெஷினையும் அனுப்பி வைப்பவர். அவருடைய தளம் திறந்து ஒன்பது நாளாகியிருந்தது.

அன்று காலை அவர் போன் செய்தார். "மோகனா, வெப்சைட் வழியா ஒருத்தர்கூட கேக்கலயே. என்னான்னு பாரும்மா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் மோகனா உடனே கணினி முன் உட்கார்ந்தாள். உதவி வேண்டுகிறவர்கள் நிரப்பி அனுப்ப அந்தத் தளத்தில் ஒரு படிவம் உண்டு. சோதனைக்காக அதைத் தன்னுடைய பழைய மின்னஞ்சலுக்கு வரும்படி வைத்திருந்தாள். திறக்கும் முன் மாற்றியிருக்க வேண்டும். மாற்றினாளா?

மாற்றவில்லை. பழைய மின்னஞ்சலில் பதினோரு செய்திகள் கிடந்தன. சக்கர நாற்காலி கிடைக்குமா, தாதி வருவாரா என்று கேட்டவைதான் பலவும். ஏழாவதை இரண்டு முறை படித்தாள்.

'அப்பாவுக்கு மூச்சு முட்டுது. உங்க மெஷின் சரியா வேலை செய்யல. உங்க போன் லைன் கிடைக்கல. சீக்கிரம் வாங்க. காளிமுத்து, கோலா சுங்கை பாருவிலிருந்து.'

அனுப்பி நான்கு நாளாகிவிட்டது. அவருக்கு உடனே தானாக ஒரு பதிலும் போயிருந்தது: 'ஒரு மணி நேரத்தில் உங்களை அழைப்போம்.' அந்த வரியை எழுதியவளே மோகனாதான்.

அவர் எண்ணுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். யாரும் எடுக்கவில்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டால் என்ன? ஒரு பொத்தான்தான். யாருக்குத் தெரியப்போகிறது? விரல் அதன் மேல் போய் நின்றும்விட்டது. தனக்கு இப்படியொரு நினைப்பு வந்ததே என்று பதறிக் கையை இழுத்துக்கொண்டு, உஷாந்தியை அழைத்தாள்.

"அக்கா, தப்பு என்னோடது. பதினோரு பேரு கேட்டிருக்காங்க. எல்லாமே எனக்கு வந்திருக்கு. நான் பாக்கவே இல்ல." ஏழாவது செய்தியைப் படித்துக் காட்டினாள்.

உஷாந்தி அந்தப் பெயரைத் தன் பதிவேட்டில் தேடினார். பிறகு, "அவரு அப்பா வீரப்பன் வீடும்மா அது. வேன்ல வேற மெஷின் அனுப்புறேன். அட்ரஸ் தர்றேன், நீதான் கிட்ட இருக்க, உடனே போ."

மஸ்ஜித் தானா ஊரைக் காரில் தாண்டும்போது முன்னால் ஒரு லோரி ஊர்ந்தது. முந்திப் போகவும் பயம், பின்னால் போகவும் பயம். ஸ்டியரிங் வியர்வையில் வழுக்கியது.

வீடு பூட்டிக் கிடந்தது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாவிடம் விசாரித்தாள். "அந்தப் பெரியவரையா? நாலு நாளுக்கு முந்தியே ஆம்புலன்ஸ் வந்து மலாக்கா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போச்சேம்மா."

"இப்ப எப்படி இருக்காரு?"

"தெரியலலா. மகன் வீட்டுக்கே வரல."

வேனை அனுப்ப வேண்டாம் என்று உஷாந்திக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மலாக்கா வரை அந்த 'தெரியல' அவளோடு காரில் வந்தது.

வீரப்பன் இருந்த வார்டின் வாசல் பெஞ்சில் முகம் மழிக்காத ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் காளிமுத்து. மோகனா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒரு மணி நேரம்னு போட்டிருந்துச்சு," என்றார் அவர். "நம்பி உக்காந்திருந்தேன். அப்பா உதடு நீலமாப் போன பிறகுதான் ஆம்புலன்ஸக் கூப்பிட்டேன்."

"இப்ப அப்பா..." என்று தொடங்கினாள்.

"பொழைச்சிட்டாரு. ஆனா நீங்க உள்ள வர வேணாம். போங்க."

அவள் போனாள். கார் நிறுத்துமிடத்தில்தான் அழுகை வந்தது.

பிற்பகல் உஷாந்தியின் அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றப் பத்துப் பேரையும் ஒவ்வொருவராக அழைத்தார்கள். யாருக்கும் ஆபத்தில்லை. "அந்த ஒரு மணி நேரத்த எடுத்துரு," என்றார் உஷாந்தி. "அவசரம்னா 999-க்கு அடிங்கன்னு மேலயே பெருசா போடு. வேலைய உன்கிட்டேர்ந்து எடுக்கல. ஆனா என் கண்ணு முன்னால செய்."

மோகனா அதை மாற்றி, படிவம் உஷாந்தியின் மின்னஞ்சலுக்கே போகும்படியும் வைத்தாள். தானே ஒரு செய்தி அனுப்பினாள். இருவரும் திரையையே பார்த்திருந்தார்கள். வந்தது.

வெளியே வந்ததும் மற்ற இரண்டு வாடிக்கையாளர்களில் முதலாமவருக்குப் போன் போட்டாள். "அண்ணே, ஒண்ணுமில்ல. உங்க சைட்லேர்ந்து இப்ப ஒரு செய்தி அனுப்புறேன். வருதான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."