நடுவே நாற்பது நாள்

தலையில் தண்ணீர் பட்டதும் பையன் வீறிட்ட சத்தம் தேவாலயத்தின் கல்மதிலைத் தாண்டி வெளியே கேட்டது. மதிலுக்கு வெளியே ஊசியிலை மரத்தடியில் உட்கார்ந்திருந்த யிதாயிஷின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பெண் குழந்தை திடுக்கிட்டு விழித்து, பதிலுக்கு மெல்லிய குரலில் அழுதது. சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். இரண்டும் ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடந்தவை. பையன் முதலில் வந்தான். ஒரு காப்பி காய்ச்சி இறக்கும் நேரம் கழித்துப் பெண் வந்தாள். அன்று நாற்பதாவது நாள். ஆண் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நாற்பதில், பெண் பிள்ளைக்கு எண்பதில். பெற்றவளுக்கும் அதே கணக்குதான்: ஆணைப் பெற்றவள் நாற்பது நாள் தேவாலயத்துக்குள் போகக்கூடாது, பெண்ணைப் பெற்றவள் எண்பது நாள். இரண்டையும் பெற்றவளுக்குப் பெரிய கணக்கே பொருந்தும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் மகனின் ஞானஸ்நானத்தை யிதாயிஷ் காதால்தான் கேட்டாள்.

சடங்கு முடிந்து முதலில் வெளியே வந்தவர் பாதிரியார் சினோதா; ஊருக்கு அவர் 'அப்பா' சினோதா. வெள்ளைத் தலைப்பாகை ஒரு பக்கம் நனைந்திருந்தது. "தொண்டை அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கு. ரெண்டு சொட்டு தண்ணிதான் ஊத்துனேன், அதுக்குள்ள உரை சொல்ல ஆரம்பிச்சுட்டான்" என்றார். எல்லோரும் குழந்தையின் தகப்பனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவர் பெயர் கெபெயாவ். ஊரில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. மெரிகேட்டா என்ற படிப்புப் பட்டம் பெயரைத் தின்றுவிட்டிருந்தது. பதினெட்டு வருடம் மடம் மடமாக அலைந்து பழைய ஏற்பாட்டின் உரையை மனப்பாடமாகக் கற்றவர். அந்த உரை ஒரு வசனத்துக்கு ஒரு பொருளோடு நிற்காது. ஒரு பொருள் சொல்லி, 'அல்லது' என்று அடுத்ததைச் சொல்லி, மறுபடி 'அல்லது' என்று போய்க்கொண்டே இருக்கும். மெரிகேட்டா ஒரே வசனத்துக்கு ஏழு பொருள் வரை மூச்சு விடாமல் சொல்வார் என்று பக்கத்து மலைகளிலும் பேச்சு இருந்தது.

அன்றைய விருந்தில், தெல்லா பீர் இரண்டாவது சுற்று வந்தபோது, மைத்துனன் முறையுள்ள ஒருவன் இரட்டைக் குழந்தைகளில் ஒன்றை மட்டும் காக்க வைப்பது என்ன நியாயம் என்று கேட்டான். மெரிகேட்டா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். ஆதாமை ஆண்டவர் தோட்டத்துக்குள் வைத்துப் படைக்கவில்லை. வெளியே, வெறும் மண்ணில் படைத்தார். நாற்பதாவது நாள்தான் தேவதூதர்கள் அவனைத் தோட்டத்துக்குள் அழைத்துப் போனார்கள். ஏவாளை எண்பதாவது நாள் அழைத்துப் போனார்கள். ஞானஸ்நானம் என்பது அந்த வாசல் மறுபடி திறப்பது. அதனால் பிள்ளைகளும் அதே கணக்கில்தான் உள்ளே போகிறார்கள். ஏன் அவளுக்கு இரட்டிப்பு? அவள் அவனுக்குப் பின் வந்தவள் என்பதால். அல்லது, பின்னால் அவள் கேட்கப்போகும் பாம்பின் பேச்சை ஆண்டவர் முன்பே அறிந்திருந்ததால். அல்லது, அவள் உள்ளே வரும்போது வீடு தயாராக இருக்கட்டும் என்பதால்.

திரைச்சீலைக்குப் பின்னால் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த யிதாயிஷின் குரல் வந்தது.

"அவன் உள்ள போய் நாப்பது நாள் பழமாத் தின்னான். இவ தனியா வெளிய நின்னு என்னத்தத் தின்னா? அதுக்கு ஏதாவது 'அல்லது' இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். மெரிகேட்டாவும் சிரித்தார். அடுத்த வாரம் மாணவர்களிடம் அந்தக் கேள்வியைத் தன் மனைவி கேட்டதாகச் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தார்.  அந்த நாற்பது நாளைப் பற்றி அவர் படித்த உரையில் ஒரு வரியும் இல்லை.

ஐம்பத்தெட்டாவது நாள் பெண் குழந்தைக்குச் சளி பிடித்தது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, வீட்டுக்குள் ஈர விறகின் புகை. அறுபதாவது நாள் குழந்தை பால் குடிக்கவில்லை. சுகாதார நிலையத்துப் பெண் வந்து மூச்சை எண்ணிப் பார்த்து, ஊசி போட்டு, நகரத்து மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோகச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குத் தெரியும், கீழே ஆற்றுப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய் நான்கு நாள் ஆகிறது என்று. தண்ணீர் வடிந்தால் அக்கரையில் வண்டிக்குச் சொல்லி வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த மூன்று நாளும் வீட்டில் இருந்தவள் பக்கத்து வீட்டு எங்குதாய். பிரசவம் பார்த்ததும் அவள்தான். அவளுக்கு நாற்பது வயதிருக்கும். குறைவாகப் பேசுவாள், பேசும்போது ஆளைப் பார்க்கமாட்டாள். துணியைச் சூடு பண்ணிக் குழந்தையின் நெஞ்சில் ஒற்றுவாள், ஆறியதும் மறுபடி சூடு பண்ணுவாள். யிதாயிஷ் பையனை ஒரு பக்கம் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தபடி கிடப்பாள்.

அறுபத்தொன்றாவது நாள் காலையில் யிதாயிஷ் கணவனிடம், "அப்பாவக் கூப்பிடுங்க. தண்ணி ஊத்தச் சொல்லுங்க. எண்பது வரைக்கும் இவ நிக்கமாட்டா" என்றாள்.

எங்குதாய் துணியை அடுப்பருகே பிடித்தபடி திரும்பாமல் நின்றாள். அவள் கை மட்டும் நின்றுபோனதை மெரிகேட்டா பார்த்தார்.

"இன்னும் பத்தொன்பது நாள்தான். தேறிடுவா" என்று சொல்லிவிட்டுக் கைத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்குதாயின் மகள் பிறந்து எழுபத்தோராவது நாள் இறந்தாள். அதற்கு முந்தின நாள் எங்குதாயின் கணவன், குழந்தைக்கு உடனே தண்ணீர் ஊற்றச் சொல்லி, அப்பா சினோதாவின் வாசலில் போய் விழுந்தான். நல்ல மனிதரான அப்பா சினோதாவுக்குப் பூசைப் புத்தகத்துக்கு மேல் படிப்பில்லை. படித்தவரிடம் கேட்போம் என்று அவனைப் பாடசாலைக்கு அழைத்து வந்தார். அப்போது மெரிகேட்டா இருபது மாணவர்களுக்கு நடுவே தோல் விரிப்பில் உட்கார்ந்திருந்தார். நாற்பதையும் எண்பதையும் அன்று அவர் சொன்னது போல எந்த நாளும் சொன்னதில்லை. ஏழு பொருள் சொன்னார். கணக்கை மனிதன் மாற்றினால் தோட்டத்தின் வாசலை மனிதன் இடம் மாற்றி வைத்ததாகும் என்று முடித்தார். மாணவர்கள் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார்கள். திருச்சபைச் சட்டப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு: மரண ஆபத்தில் இருக்கும் சிசுவுக்கு நாள் பார்க்க வேண்டாம். அந்த வரி அவருக்கு அன்றும் தெரியும். ஆனால் அது வேறு புத்தகம், வேறு ஆசான்கள் சொல்லிக்கொடுப்பது. பேச்சு அழகாக முடிந்துவிட்டிருந்தது. அதன் பிறகு அந்த வரியைச் சொன்னால் அது வாலில் கட்டிய கல் போலத் தொங்கும் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது. அவ்வளவுதான். அதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை என்பதுதான் இப்போது அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு மதிலுக்குள் மண் கிடையாது. எங்குதாயின் மகளை ஓடைக்கரையில் புதைத்து, நரி தோண்டாமலிருக்க ஒரு தட்டைக் கல்லை மேலே புரட்டி வைத்தார்கள்.

அறுபத்தொன்றும் அறுபத்திரண்டும் மெரிகேட்டா காத்திருந்தார். குழந்தை தேறட்டும் என்று காத்திருப்பதாகத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார். உண்மையில் எங்குதாய் தன் வீட்டுக்குப் போகட்டும் என்று காத்திருந்தார். அவள் இல்லாத நேரத்தில் மனைவியிடம் சொல்லி, அப்பாவிடம் தனியாகச் சொல்லி, காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம். அவள் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். தன் வீட்டிலிருந்து வந்த இஞ்செரா அப்பத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தாள். அறுபத்துமூன்றாவது நாள் விடியும்போது குழந்தையின் ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கடியில் குழி விழுந்தது. உதட்டைச் சுற்றி நீலம் பூத்திருந்தது. மெரிகேட்டா எழுந்து மழையில் அப்பா சினோதாவின் வீட்டுக்கு நடந்தார். வழி முழுவதும் அவர் மனம் பழக்கத்தில் 'அல்லது' தேடிக்கொண்டே வந்தது.

அப்பா சினோதா வாசலில் நின்றபடியே கேட்டார். கேட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் கையிலிருந்த சிலுவையைத் துடைத்தார்.

"அப்படி ஒரு வரி இருக்கா?"

"இருக்கு."

"அன்னைக்கு உன்கிட்டதான வந்து கேட்டேன்."

"கேட்டீங்க."

"அன்னைக்கும் இருந்துச்சா அந்த வரி?"

மெரிகேட்டா தலை குனிந்தார்.  கிழவர் குடத்தை எடுத்துவரும்படி உள்ளே குரல் கொடுத்தார். பிறகு, "பொண்ணைத் தாங்கிப் பிடிக்க ஞானத்தாய் வேணுமே. உன் தங்கச்சி வந்துட்டாளா?" என்றார். எண்பதாம் நாளுக்குத்தான் வருவதாக இருந்தாள், பாலமும் இல்லை என்றார் மெரிகேட்டா. "அப்ப யாராவது ஒரு பொம்பளையக் கூட்டிட்டு வா. நேத்திலிருந்து வாய்ல தண்ணிகூடப் படாதவளா இருக்கணும். சீக்கிரம்."

திரும்பும் வழியில் அவர் ஒவ்வொரு வீட்டையும் பார்த்தார். எல்லாக் கூரையிலும் காப்பி வறுக்கும் புகை எழுந்துகொண்டிருந்தது. முதல் வீட்டில் கேட்டார், குடித்துவிட்டேனே என்று அந்தப் பெண் வாயைப் பொத்தினாள். இரண்டாவது வீட்டிலும் அதுவே. மூன்றாவது வீட்டில் அவர் நிற்கவில்லை. பட்டினி கிடந்தது யார் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

வீட்டுக்குள் குழந்தை எங்குதாயின் கையில்தான் இருந்தது. மெரிகேட்டா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அப்பா ஒத்துக்கொண்டார், தண்ணீர் தயாராக இருக்கிறது, ஞானத்தாய் வேண்டும்.

"எண்பது ஆகலையே" என்றாள் எங்குதாய்.

"ஆபத்துன்னா நாள் பாக்க வேண்டாம்னு இருக்கு."

 எங்குதாய் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். யிதாயிஷ் பையனை முதுகில் கட்டிக்கொண்டு ஏற்கெனவே எழுந்திருந்தாள். அவள் கணவனைப் பார்க்கவில்லை. எங்குதாயின் முழங்கையை மட்டும் தொட்டாள். எங்குதாய் தன் வெள்ளைப் போர்வைக்குள் குழந்தையைச் சுற்றிக்கொண்டு வாசலைக் கடந்தாள்.

தேவாலயத்துக்குப் போகும் பாதை பாதித் தூரத்தில் பிரிகிறது. வலது பக்கம் ஏற்றம், இடது பக்கம் ஓடை. முன்னே போய்க்கொண்டிருந்த யிதாயிஷ் ஏற்றத்துப் பக்கம் திரும்பினாள். எங்குதாய் இடது பக்கம் இறங்கினாள்.

 மெரிகேட்டா சேற்றில் கைத்தடியை ஊன்றி அவள் பின்னால் இறங்கினார். அந்தத் தட்டைக் கல்லின் மேல் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. எங்குதாய் அதன் அருகே நின்றிருந்தாள். போர்வைக்குள்ளிருந்து குழந்தையின் மூச்சு ஈர விறகு எரிவது போலச் சீறியது.

"அந்த வரிய இங்க சொல்லுங்க."

அவர் வேத பாஷையில் சொன்னார்.

"அது எனக்கும் தெரியாது, கல்லுக்கடியில இருக்கிற இவளுக்கும் தெரியாது. நாங்க பேசுற பேச்சுல சொல்லுங்க."

"சாகப் போற குழந்தைக்கு நாள் பாக்க வேண்டாம். உடனே குடுக்கலாம்."

"அன்னைக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"உங்களுக்குத் தெரியுமா?"

போர்வைக்குள் மூச்சு ஒரு கணம் நின்றது போலிருந்தது. அவர் குழந்தையைப் பறித்துக்கொண்டு ஓட நினைத்தார். ஓடவில்லை.

"தெரியும்" என்றார். பிறகு, "வாங்க, எங்குதாய்" என்றார். இத்தனை வருடத்தில் அவளை அவர் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

எங்குதாய் கல்லின் மேல் தேங்கியிருந்த தண்ணீரைக் காலால் ஒதுக்கித் தள்ளினாள். பிறகு திரும்பி ஏறினாள். அவ்வளவு வேகமாக அவள் ஏறுவாள் என்று அவர் நினைக்கவில்லை. வழுக்கிய இடங்களில் ஒரு கையால் புல்லைப் பிடித்துக்கொண்டாள், மறு கை போர்வையை விட்டு அசையவில்லை. மெரிகேட்டா பாதியிலேயே பின்தங்கிவிட்டார். அவர் ஏற்றத்தின் வளைவுக்கு வந்தபோது அவளுடைய வெள்ளைப் போர்வை மதில் வாசலுக்குள் நுழைந்து மறைவது மட்டும் தெரிந்தது.

ஊசியிலை மரத்தடியில் யிதாயிஷ் நின்றிருந்தாள். இன்னும் பதினேழு நாள் அவள் அந்த வாசலைத் தாண்ட முடியாது. கிளைகளிலிருந்து சொட்டிய நீர் அவள் தலைமேல் விழுந்துகொண்டிருந்தது, அவள் விலகவில்லை. உள்ளே அப்பா சினோதா ஓதும் குரல் கேட்டது. பிறகு அது நின்றது. இந்நேரம் தண்ணீரை ஊற்றியிருப்பார்.

மெரிகேட்டா அவளுக்குப் பக்கத்தில் போகாமல் தள்ளியே நின்றார். யிதாயிஷ் மூச்சை அடக்கிக்கொண்டு, கழுத்தை மதில் பக்கம் சாய்த்து, அழுகைச் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகில் பையன் விழித்திருந்தான். அவனும் அழாமல், வாய் திறந்தபடி, அந்தக் கல்மதிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.