கேஸ் எங்கே போகிறது?

அந்தச் சின்ன பேட்டரி கார் மூன்றாவது முறையாகப் தன் கடை இருந்த போபோடி சந்துக்குள் சத்தமில்லாமல் வந்து நின்றபோது அந்தோணி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். பதினெட்டு வருஷமாகக் கார் ஏசி பார்க்கிறவன். கேஸ் கசிகிற இடத்தைக் கண்டுபிடிக்காமல் எந்த வண்டியையும் அவன் திருப்பி அனுப்பியதில்லை. 2008 கோடையில் வந்து மாட்டியது இது.

"மறுபடியும் அப்படியேதாங்க இருக்கு. வெறும் காத்துதான் வருது" என்றபடி இறங்கினாள் ராஜஸ்ரீ. கோயம்புத்தூர்க்காரி. வாகட்டில் வீடு, ஹிஞ்சவாடியில் கம்ப்யூட்டர் வேலை. முதல் நாள் ஹிந்தியில்தான் பேச்சை ஆரம்பித்தாள். அவன் போனில் யாரையோ தமிழில் திட்டுவதைக் கேட்ட பிறகு தமிழுக்கு மாறினாள்.

அந்தோணி மீட்டரை மாட்டிப் பார்த்தான். பாதி கேஸ் இல்லை.

முதல் தடவை எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்திருந்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. சந்தேகத்துக்கு இரண்டு ரப்பர் வளையங்களை மாற்றினான். இரண்டாம் தடவை நைட்ரஜன் அடைத்து ஒரு நாள் முழுக்க வைத்தான். முள் அசையவில்லை. கசிந்தால் நீல விளக்கில் பளிச்சென்று தெரியும் சாயத்தையும் எண்ணெயோடு கலந்து ஏற்றி அனுப்பினான். இப்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்துத் தேடினான். எங்கும் ஒரு பொட்டுச் சாயம் இல்லை.

"தினமும் ஏசி ஓடுதா மேடம்?"

"தினமும்தான். என் ஹஸ்பண்ட் ஆபீசுக்கு இதுலதான் போறார். நான் மாசத்துல ஒரு சனிக்கிழமை எடுத்தா ஜாஸ்தி." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "தப்பா நினைக்காதீங்க. நீங்க நெஜமாவே கேஸ் ஏத்தறீங்கதானே?"

அந்தோணிக்குச் சுருக்கென்றது. "வண்டியை இங்க விட்டுட்டுப் போங்க மேடம். எட்டு நாள் நானே வச்சிப் பாக்குறேன்."

கேஸை மறுபடி நிரப்பி, எட்டு நாளும் காலையிலும் சாயங்காலமும் ஏசியை ஓட விட்டான். எஞ்சினே இல்லாத வண்டி. ஏசிக்கென்று தனியாக ஒரு சின்ன மோட்டார், பெல்ட் வழியாகக் கம்ப்ரஸரைச் சுற்றியது. உள்ளே உட்கார்ந்தால் பல் கிட்டியது. எட்டாம் நாளும் மீட்டர் முள் முதல் நாள் நின்ற இடத்திலேயே நின்றது. வண்டியைத் திருப்பிக் கொடுத்தான். இருபதாம் நாள் போன் வந்தது. "வெறும் காத்துங்க."

பேட்டரி வண்டியில் கரண்ட்டு கேஸைத் தின்றுவிடுமோ? இந்தக் கேள்வியைப் போசரியில் ஏசி சாமான் விற்கிறவரிடம் வாய்விட்டே கேட்டுவிட்டான். அவர் சிரித்த சிரிப்பு இரண்டு நாள் காதிலேயே இருந்தது.

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அந்த வண்டியை இன்னொரு தரம் பார்த்தால் மானம் போய்விடும். "எடுத்துட்டு வராதீங்க மேடம். ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்" என்றான்.

வாகட் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் கார் நின்றது. ராஜஸ்ரீயும் அவள் கணவன் ஷ்யாமும் இறங்கி வந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு யாரும் வண்டியைத் தொடவில்லை என்றார்கள். அந்தோணி கேஸை மோப்பம் பிடிக்கும் கருவியை ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோனான். கம்ப்ரஸரின் முன்பக்கம், சுழல்தண்டு வெளியே வரும் இடத்தில், அது கீச்கீச்சென்று கத்தியது.

"மில்கயா! கெடைச்சிருச்சு!" என்று அவனும் கத்திவிட்டான். "மேடம், ஏசியைப் போடுங்க. ஓடும்போது இன்னும் ஜாஸ்தியா கத்தும், பாருங்க."

ஏசி ஓடியது. அட்டையால் விசிறி, தேங்கியிருந்த காற்றைக் கலைத்துவிட்டு மறுபடி கருவியை வைத்தான். சத்தமே இல்லை. தட்டினான், பேட்டரியை மாற்றினான், அப்போதும் இல்லை. ஒரு நிமிஷம் முன்னால் கத்திய இடம்! கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது.

தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான். ஏசி ஓடினால் கசிவு நிற்கிறது. ஏசி நின்றால் கசிகிறது. ஓடும்போது எண்ணெய் போய்ச் சுழல்தண்டைச் சுற்றி கேஸை அடைத்திருக்கும் ரப்பர் சீலை நனைக்கிறது, ஈரமானால் அடைத்துக்கொள்கிறது, காய்ந்தால் விட்டுவிடுகிறது. சாயமும் எண்ணெயோடுதானே வரும்? காய்ந்த சீல் வழியாக கேஸ் மட்டும்தான் போகும். தன் கடையில் சோதனைக்கு முன்பெல்லாம் ஏசியை ஓட்டிப் பார்த்து, பிறகு தினமும் ஓட்டி, அவனே கசிவை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். எல்லாம் சரி. ஆனால் தினமும் ஓடுகிற ஏசியில் சீல் எப்படிக் காயும்?

"சார், ஆபீஸ் போறப்ப ஏசி போடுவீங்கல்ல?"

ஷ்யாம் தூணைப் பார்த்தான்.

"ஷ்யாம்?" என்றாள் ராஜஸ்ரீ.

"போட்டா சார்ஜ் சட்டுனு இறங்குது" என்றான் அவன். "வாங்கின புதுசுல ஒரு நாள் ஹைவேல நின்னுடுச்சு. ரெண்டு பேர் தள்ளினாங்க. நீ வேணாம்னு சொல்லியும் நான்தானே அடம்பிடிச்சு வாங்கினேன்... அதான் சொல்லல."

"ஒரு வருஷமா கண்ணாடியை இறக்கிட்டா போறே? அதுக்குத்தான் தினம் ரெண்டு சட்டையா? ஜிம்முன்னு சொன்னியே!"

"ஜிம்முக்கு நான் போனதே இல்ல" என்றான் ஷ்யாம் மெதுவாக.

அந்தோணி தலையைக் குனிந்துகொண்டு கருவியைப் பெட்டியில் வைத்தான். கேஸ் எப்படிப் போனது என்பது புரிந்துவிட்டது. இந்த ஆள் வருஷம் பூராவும் வேர்த்து ஒழுகியது மட்டும் அவனுக்குப் புரியவே இல்லை.

அடுத்த வாரம் பேட்டரி இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்ப்ரஸரை இறக்கினான். சீலின் விளிம்பு நகத்தால் கீறியது போலத் தேய்ந்திருந்தது. புதுசு போட்டு, காற்றை உறிஞ்சியெடுத்து, கேஸை அளந்து ஏற்றினான். "வாரத்துக்கு ஒரு தரமாவது பத்து நிமிஷம் ஓட்டுங்க. குளிர்காலத்துலயும் விடக் கூடாது" என்று இருவருக்கும் சேர்த்துச் சொன்னான்.

மூன்று மாதம் கழித்து ராஜஸ்ரீ வந்தாள். இப்போது தினமும் அவள்தான் வண்டியை எடுக்கிறாளாம். ஷ்யாம் கம்பெனி பஸ்ஸில் போகிறானாம். அந்தோணி மீட்டரை மாட்டினான். முள் இருந்த இடத்திலேயே இருந்தது. நம்பிக்கை வராமல் பக்கத்துக் கடையில் வேறொரு மீட்டரை இரவல் வாங்கி வந்து மாட்டினான்.

"என்னங்க, போயிருச்சா?"

"இல்ல மேடம், இருக்கு" என்றான் அந்தோணி, முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல்.