ஏழாவது குண்டு

...ஆறு குண்டுகளையும் தெமோ வானத்தைப் பார்த்துத்தான் சுட்டான், அதில் சந்தேகமே இல்லை, ஏழாவது மட்டும்... ஏழாவதைச் சுடும்போது பாறைக்குப் பக்கத்தில் ஏதோ அசைந்ததே, கை தானாகத் தாழ்ந்துவிட்டதே, ஏன் தாழ்ந்தது? மலைப் போராளிகளோடு நடந்த விடியற்காலைச் சண்டை ஓய்ந்து இரண்டு மணி நேரமாகிறது, தெமோ சிப்பாய்களோடு மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறான், மேலே ஓர் உடல் கிடக்கிறதாம், ஆணா பெண்ணா என்று இன்னும் தெரியவில்லையாம். ராணுவம் கொடுத்த இந்த ஊர்க்காவல் துப்பாக்கியை அவனா கேட்டான்? வாங்க மறுத்த ஊர்களெல்லாம் கரியாய்க் கிடந்தன, வாங்கினான், அவ்வளவுதான். அதைச் சுவரில் மாட்டிய அன்று மகள் ஹேலின் அவனோடு பேச்சை நிறுத்தினாள், அடுத்த வாரம் போராளிகளோடு மலைக்குப் போய்விட்டாள், தந்தூரி அடுப்பில் ரொட்டியை ஒட்டிவிட்டுப் போனவள், அது கருகி நாறிய பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது... மூன்று வருஷம், ஒரு தகவல் இல்லை. "என்ன பெருசு, கால் இழுக்குது? துப்பாக்கி கனமா, மனசு கனமா?" என்று சார்ஜெண்ட் சிரித்தான். "கழுதையே இந்த மேட்டுல நின்னு யோசிக்கும் கமாண்டரே, நாங்கதான் யோசிக்காம ஏறுறோம்" என்றான் பின்னால் வந்த சினோ. பால்ய சிநேகிதன், அவன் தோளிலும் இதே துப்பாக்கி, அவன் மகன் ஷியாரும் அதே மலையில்தான், இரண்டு அப்பன்களும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை, புகையிலை டப்பாவை மட்டும் கைமாற்றிக்கொள்வார்கள்.

சார்ஜெண்டின் வயர்லெஸ் கரகரத்தது, முன்னால் ஏறிப் போனவர்களின் குரல். "பையன்தான். இருபது, இருபத்திரண்டு வயசிருக்கும்." அல்ஹம்துலில்லாஹ்... மனசுக்குள் சொன்னதாகத்தான் தெமோ நினைத்தான், சத்தமாகவே சொல்லியிருக்கிறான், சிப்பாய்கள் திரும்பிப் பார்த்தார்கள், சினோ மட்டும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சினோ வழக்கம்போல டப்பாவை நீட்டினான், அது திறக்கவேயில்லை, தெமோ இரண்டு தடவை நகத்தால் நெம்பினான். "தெமோ, காலையில எத்தனை சுட்ட?" "ஏழு." "எல்லாம் மேலதானே?" மேலே கிடப்பது யாரோ, மலையில் பையன்களுக்கா பஞ்சம், ஷியாராகவே ஏன் இருக்க வேண்டும், சின்னதில் தெமோவின் தோளில் ஏறி வாதுமைக்காய் பறித்த பயல்... "மேலதான்டா." சினோ தலையை ஆட்டினான், நம்பினானா? நடந்தார்கள். சரிவு இன்னும் செங்குத்தாகத்தான் இருந்தது, ஆனால் சினோவின் மூச்சுச் சத்தம் எங்கோ பின்தங்கிக் கேட்டது, எப்போது பின்தங்கினான், இவ்வளவு நேரம் கால் இழுத்தது நானல்லவா... நிற்க வேண்டும், அவன் வரட்டும், கையாவது பிடிக்க வேண்டும் என்றுதான் தெமோ நினைத்தான், கால்களோ பாரமே இல்லாமல் மேலே மேலே போய்க்கொண்டிருந்தன.