ஊற்று தந்த இடது கால் செருப்பு

மலையுச்சிக் குழியில் சாயம் ஊற்றியது ஒரு வியாழக்கிழமை. அடிவாரத்து ஊற்றில் பச்சைத் தண்ணீர் வந்தது அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை. திங்கள் என்று சாதிப்பவர்களும் உண்டு, ஆனால் ஊற்றின் நீர்மட்டம் குறிக்கிற அளவுக்காரியின் ஏட்டில் செவ்வாய் என்றுதான் இருக்கிறது. உச்சியில் ஓடை விழுந்து மறைகிற குழியும், கீழே ஊருக்கே தண்ணீர் தருகிற ஊற்றும் அந்தச் சுண்ணாம்புக்கல் மலைக்குள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று பார்க்கத்தான் சாயம். பச்சைதான் வந்துவிட்டதே, இனி எதற்குச் சாயம் ஊற்றுவது என்று சோதனைக்கு வந்த அதிகாரி புதன்கிழமை கையைக் கட்டிக்கொண்டார். ஊற்று நின்றுவிட்டது. மறுநாள் சாயத்தை ஊற்றினார், தண்ணீர் ஓடியது. கீழே முன்கூட்டி வந்ததைப் பிறகு மேலே போட்டாக வேண்டும், இல்லையென்றால் ஊற்று நின்றுவிடும் என்று அதன்பின் ஊர் பழகிக்கொண்டது. ஊற்றில் தன் வாளி மிதந்து வந்தால் பால்காரர் முணுமுணுக்காமல் மலையேறி, கையிலிருக்கும் வாளியைக் குழியில் போட்டுவிட்டு, வந்த வாளியில் பால் கறந்தார்.

அளவுக்காரி தினமும் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் உயரத்தைப் பார்த்து எழுதுவாள். மிதந்து வந்தவற்றைக் குறிப்புக் கட்டத்தில் எழுதுவாள். நாற்பத்து மூன்று சென்டிமீட்டர் இருந்த ஒரு நாள், அளவுப்பலகையில் வந்து முட்டியது அவள் புருஷனுடையதைப் போலவே ஒரு இடது கால் செருப்பு. வாரில் சிவப்பு நூல் தையல். அவன் காலில் கிடந்த செருப்பிலோ கறுப்பு நூல். வேறு யாருடையதோ என்று நிம்மதியாக எடுத்து வைத்தாள். பத்தொன்பதாம் நாள் அவன் இடது செருப்பின் வார் அறுந்தது. செருப்பு தைப்பவரிடம் அன்று சிவப்பு நூல்தான் இருந்தது.

அவன் தபால்காரன். மேட்டுக் குடியிருப்புக்குக் கடிதம் கொண்டுபோக வாரம் மூன்று முறை அந்தக் குழியின் ஓரமாகத்தான் நடக்க வேண்டும். செருப்பு விழுந்தால் கால் எங்கே இருக்கும் என்று யோசித்தாள். காய்ச்சல் என்று அவனை விடுப்பு எழுத வைத்து, ட்ரங்குப் பெட்டியில் அவன் செருப்பைப் பூட்டினாள். ஊற்று நின்றது. மூன்றாம் நாள் ஊரே காலிக் குடத்தோடு அவள் வாசலில் நின்றது. சலவைக்கடைக்காரர் மட்டும் அழுக்கு மூட்டையோடு. விஷயத்தைக் கேட்ட மாமியார் வெற்றிலை மடிப்பதுபோல நிதானமாகச் சொன்னார்: “வந்தது செருப்பு மட்டும்தானே? என் பிள்ளை வரலையே. வந்திருந்தா நீ எழுதியிருப்பியே.”

அளவுக்காரிக்குத் தன் ஏட்டின் மேலேயே சந்தேகம். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தேடினாள். அவன் சட்டைப் பொத்தான்கூட வரவில்லை. ஆனாலும் துணி காயப்போடும் கயிற்றை அவன் இடுப்பில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டி, மறுமுனையைப் பிடித்தபடி மலையேறினாள்.

“வலதையும் சேர்த்துப் போட்டா ஜோடியா இருக்குமே,” என்றான் குழி ஓரத்தில்.

“வந்தது ஒண்ணு. ஒண்ணைத்தான் போடணும்.”

போட்டான். அவள் பையிலிருந்து, வந்த செருப்பை எடுத்துக் கொடுத்தாள். கொஞ்சம் ஈரம், மற்றபடி அதே சிவப்பு நூல். மாட்டிக்கொண்டு இறங்கினான். அவர்களுக்கு முன்பே தண்ணீர் ஊர் சேர்ந்திருந்தது. முடிச்சை மட்டும் வீடு வந்துதான் அவிழ்த்தாள்.

அடுத்த வருடம் ஊற்றில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குழந்தைச் செருப்பு வந்தது. வீட்டில் குழந்தை கிடையாது. ‘வலது கால், ஒன்று’ என்று எழுதினாள். மாமியார் அதை வெயிலில் காயவைத்து, எடுத்துக்கொண்டு செருப்பு தைப்பவரிடம் போய் இதே அளவில் இடது கால் மட்டும் வேண்டும் என்றார்.

“யாருக்கும்மா?”

“ஆள் இன்னும் வரலை.”

தைப்பவர் அளவைக் குறித்துக்கொண்டு, நூல் என்ன நிறம் என்று கேட்டார்.