அதே நம்பர் பிலிம்

"தக்காளி காயா பழமான்னு தெரியாத மனுஷனுக்குக் கலர் போட்டோ ஒரு கேடா மாமா?"

பேனர்காரன் போட்ட சத்தம் எங்கள் மாடிப்படியில் உருண்டு இறங்கி, கீழே மருந்துக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. குப்பை வாளியை வெளியே வைக்கலாம் என்று கதவைத் திறந்தேன். வாளி காலியாக இருந்தது என் குற்றமில்லை. எதிர்வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஃப்ரிட்ஜும் அப்படியே. அதில் குளிர்பான பாட்டில்கள் பட்டாளம் மாதிரி நிற்க, அதன் முன்னால் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று பேரில் ஒருவர் ஸ்டோர்காரர். பஸ் டெப்போவில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர். இன்னொருத்தி அவர் மனைவி டெய்லரம்மா. துணியைப் பார்த்த மாத்திரத்தில் அதற்கு இன்ன நூல் என்று பெட்டியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள், அதற்காகவே நாலு தெரு தாண்டி ஆள் வரும். மூன்றாவது அவள் தம்பி. பெரிய பெரிய விளம்பரத் தட்டிகள் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறான், அதனால் பேனர்காரன். அன்று சாயங்காலம் டெய்லரம்மாவின் மகளுக்குக் கல்யாணத் தேதி பேச மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பாட்டில்களைக் குளிர வைக்க இடம் வேண்டும் என்று பேனர்காரன் ஃப்ரிட்ஜிலிருந்த பிலிம் டப்பாக்களையெல்லாம் வாரி பால்கனியில் துணி துவைக்கும் மெஷின் மூடிமேல் வைத்திருக்கிறான். தகரம் கொதிக்கிற மத்தியானம். யாரும் கவனிக்கவில்லை.

"உருகியா போச்சு? அப்படியேதானே இருக்கு!" என்றான் பேனர்காரன்.

"அப்படியே இருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்ல எனக்குக் கண்ணு இல்ல மாப்ளே" என்றார் ஸ்டோர்காரர். "அதுக்குத்தான் ஃப்ரிட்ஜுல வெச்சேன்."

அதுவரை டெய்லரம்மா யார் பக்கம் என்று கேட்டால், தம்பி பக்கம்தான். "முட்டை வைக்கிற எடத்துல பிலிமு, வெண்ணெய் வைக்கிற எடத்துல பிலிமு, இது வீடா டெப்போவா?" என்று அவளும் புருஷனைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தத் தக்காளிப் பேச்சு வெளியே போனதை அவள் காது தாமதமாகத்தான் வாங்கியிருக்க வேண்டும். வாளியோடு நின்ற என்னைப் பார்த்தாள். படியில் இரண்டு தலைகள் எட்டிப் பார்ப்பதையும் பார்த்தாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள்.

"அவரைச் சொல்றதுக்கு நீ யாருடா? இருபது வருஷமா நான் சொல்றேன், அது என் பாத்தியதை. உனக்கு யாரு குடுத்தா? பாட்டிலைத் தூக்கிக்கிட்டு எறங்கு!"

ஸ்டோர்காரருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும் என்பதை டெய்லரம்மா அத்தனை காலம் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம். இடது கால் சாக்ஸ் ஒரு நிறமும் வலது கால் இன்னொரு நிறமுமாக அவள் ஊரில் இல்லாத நாட்களில் அவர் வேலைக்குப் போவதை நாங்கள் வேறெப்படி எடுத்துக்கொள்வது? நிறத்தை வைத்துச் சோறு தின்கிற வீட்டில் இப்படி ஒரு ஆள் என்றால் வாடிக்கைக்காரிகள் சிரிப்பார்கள் என்பது அவள் பயம். அவர் சட்டையை அவள் எடுத்து வைப்பாள். காய்கறியை அவளே வாங்குவாள். அவரும் எடுத்து வைத்ததைப் போட்டுக்கொண்டு, வைத்ததைத் தின்றுகொண்டு இருந்தார்.

இளவயதில் ரயில் எஞ்சின் ஓட்டத் தேர்வாகி, கடைசியில் கண் பரிசோதனையில் கழித்துக் கட்டப்பட்டவர் அவர். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இவருக்குப் புள்ளி தெரிந்தது, எண் தெரியவில்லை. "அடுத்தவர் வரலாம்" என்றார்களாம். இதை என்னிடம் சொல்லும்போது சிரித்தார். "அன்னைக்கு நம்பரைத்தான் கேட்டாங்க, தெரியல. இப்ப எனக்கு நம்பரைத் தவிர ஒண்ணும் தெரியாது."

டெப்போவில் பழைய சாமான் ஏலத்தில் யாரோ விட்டுப்போன என்லார்ஜர், அதாவது நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கிற கருவி, அவர் கையில் சிக்கியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மனிதர் கறுப்பு வெள்ளை போட்டுப் பழகியிருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். இல்லை, கலர்தான் வேண்டும் என்று நின்றார். கருவியின் தலையில் மஞ்சளுக்கு ஒரு திருகு, மெஜந்தாவுக்கு ஒரு திருகு, இரண்டிலும் எண்கள். சரியான எண்ணில் நிறுத்தினால் முகம் முகமாக இருக்கும். தப்பினால் காமாலை, இல்லாவிட்டால் பாசி. கறுப்பு வெள்ளைக்குச் சிவப்பு விளக்காவது போட்டுக்கொள்ளலாமாம். கலர் தாளுக்கு அதுவும் ஆகாது. குளியலறை ஜன்னலில் ரெக்சின் ஒட்டி, கதவிடுக்கில் துண்டைத் திணித்து, கும்மிருட்டில் வேலை செய்தார். எப்படித்தான் உள்ளே கைகால் ஓடுகிறது என்று கேட்டேன். "அந்த இருட்டுல எல்லாருக்கும் என் கண்ணுதானே" என்றார்.

வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் தொல்லை. ஈரம் சொட்டும் தாளோடு ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். "இது சிவப்படிக்குதா, பச்சையடிக்குதா, பாத்துச் சொல்லுங்க." நான் சிவப்பு என்றேன். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீலம் என்றார். வாட்ச்மேன், படத்தில் இருக்கிறவருக்குக் காய்ச்சலா என்று கேட்டான். மனைவியிடம் மட்டும் அவர் கேட்கவில்லை. கட்டிடத்திலேயே சரியான கண் அவளுடையதுதான், ஆனாலும் கேட்கவில்லை. "சட்டை அவ எடுக்கிறா, காய் அவ பாக்கிறா. இது ஒண்ணாவது என்னுதா இருக்கட்டும்" என்றார். அவளும் தையல் மெஷினை வேகமாக மிதித்துக்கொண்டு, எதையும் பார்க்காதவள் மாதிரியே இருந்தாள்.

பிலிமும் அவரைப் படாத பாடு படுத்தியது. மலிவாகக் கிடைக்கிறதென்று சினிமா படப்பிடிப்பில் மிஞ்சிய பிலிமைச் சுருட்டி விற்கிறார்கள், அதை வாங்கினார். பின்பக்கம் பூசியிருந்த கரி மாதிரியான ஒரு படலம் கழன்று, எங்கள் பொதுக் குழாயில் இறங்கி, இரண்டு நாள் கட்டிடமே சண்டை போட்டது. அப்புறம் ஏதோ ஒரு புது பிலிம். கலர் நெகட்டிவ் என்றால் ஆரஞ்சுச் சாயம் ஏறியிருக்குமே, அது இதில் இல்லை. போனில் போட்டுப் பார்க்க அழகாம். தாளில் விழவைத்தால் திருகுகளைக் கடைசிவரை திருகினாலும் வழிக்கு வராது, ஏனென்றால் தாளை அந்த ஆரஞ்சுக்கென்றே செய்திருக்கிறார்கள். தேதி முடிந்தவை இன்னொரு கூத்து. கடைசியில் முகங்களுக்கென்றே செய்கிற, நிறம் அடங்கின பிலிம் ஒன்றில் வந்து நின்றார். எங்கள் எல்லோர் கண்ணையும் கடன் வாங்கி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் எடுத்த படத்துக்கு இரண்டு எண்களைக் கண்டுபிடித்தார். அதோடு விடவில்லை. அதே பிலிமில், டப்பாமேல் அச்சடித்திருக்கும் பேட்ச் நம்பர் அதுவே உள்ள ரோல்களாகத் தேடித் தேடி வாங்கி அடுக்கினார். தாளும் அப்படியே ஒரே பெட்டி. அதே நம்பர் பிலிம், அதே தாள், அதே நிழல், அதே இரண்டு எண்கள். இனிமேல் ஒருத்தர் கதவையும் தட்ட வேண்டாம். மகள் கல்யாணத்துக்கு அவளை நிறுத்தி ஒரு படம், முதலிலிருந்து கடைசிவரை தன் கையால்.

அதைத்தான் மச்சினன் தகரத்தில் வறுத்து எடுத்திருந்தான். கெட்டிருக்கலாம், கெடாமலும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல இன்னொருத்தர் கண் வேண்டும். அந்த மனிதரால் பொறுக்க முடியாதது அது ஒன்றுதான்.

"அக்கா, நான் பெரிசா ஒண்ணு அடிச்சுத் தர்றேன், ஓசியில" என்று படியிறங்கியபடியே சொன்னான் பேனர்காரன்.

"வேண்டாம் மாப்ளே. இதே நம்பரை மறுபடி வாங்குவேன். யாரையும் கேக்காம நானே போடுவேன். கலர்ல."

தேடல் ஆரம்பித்தது. போனில் அவர் பேசுவது என் சமையலறை ஜன்னல் வழியாக நன்றாகவே கேட்கும். எல்லாக் கடைக்காரர்களும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள், எல்லாம் ஒண்ணுதான் சார் என்று. "நம்பர் மாறினா சாமான் மாறிடும்" என்பார் இவர், டெப்போ குரலில். கடற்கரையில் சங்கும் சாவிக்கொத்தும் விற்கிற கடையில் அதே நம்பர் இருப்பதாகத் தெரிந்து ஓடினார். இருந்தது. கண்ணாடி அலமாரியில், வெயில் பார்த்த பக்கம், தொப்பிகளுக்கு நடுவில். கடைக்காரர் பாதி விலைக்குத் தருகிறேன் என்றாராம். கையில் எடுத்து நம்பரைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டு வந்தார்.

கடைசியில் வேறொரு ஊரில், கல்யாணங்களுக்குப் படமெடுக்கும் ஒரு பெண்ணிடம் அந்த பேட்ச் இருந்தது. ஃப்ரீசரில், சரியாக. ஆனால் அவளும் இவர் ஜாதிதான். "எனக்கும் அதே நம்பர்தான் சார் வேணும், தர மாட்டேன்" என்றுவிட்டாள். இவர் போனைப் பிடித்துக்கொண்டு கெஞ்சவும் தெரியாமல், வைக்கவும் மனமில்லாமல் நின்றார். தையல் மெஷின் நின்றது. டெய்லரம்மா எழுந்து வந்து போனைப் பிடுங்கினாள்.

"ஏம்மா, உனக்கு என்ன தைக்கணும்?"

அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்: பிலிம் போட்டுக்கொள்ளப் பை வைத்த கோட்டு வேண்டும், கடையில் கிடைப்பதெல்லாம் ஆம்பளை அளவு, தோளில் தொங்குகிறது, இடுப்பில் பிடிக்கிறது.

டெய்லரம்மா தைத்தாள். எடுக்காத ரோலுக்கு வலப்பக்கப் பைகள், எடுத்ததற்கு இடப்பக்கப் பைகள், தடவினாலே தெரியும்படி இடப்பக்கத்துக்கு மட்டும் தடித்த தையல். பதிலுக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே சூடு தாங்கும் ஃப்ளாஸ்க், அதற்குள்ளே பஞ்சு சுற்றி இரண்டு ரோல். ஸ்டோர்காரர் நம்பரைப் படித்தார். திரும்பவும் படித்தார். ஃப்ரிட்ஜில் வெண்ணெய் வைக்கிற இடத்தை டெய்லரம்மாவே காலி செய்து கொடுத்தாள்.

மகளுக்கு அவள் தைத்த உடுப்பைப் பார்த்துவிட்டு நான் நேரே மெஷினடிக்குப் போனேன். மாதுளை முத்துச் சிவப்பு. ஓரமெல்லாம் இலைப் பச்சை.

"ஏம்மா, வேற நிறமே கிடைக்கலையா உனக்கு? அந்த மனுஷனுக்குத் தெரியாத ரெண்டையும் ஒண்ணாச் சேத்து வெச்சிருக்கியே!"

"வேணும்னேதான் அக்கா" என்றாள் வாயில் ஊசியோடு. "வெள்ளையில போட்டு ஜெயிச்சா, தம்பி ஒத்துக்குவானா?"

மொட்டைமாடியில், தொட்டி நிழலில் மகள் நின்றாள். மாப்பிள்ளைப் பையன் எலக்ட்ரீசியன். ஏணியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். மாமனாருக்கு இப்படி என்று அவனிடம் யார் சொன்னார்களோ தெரியாது. நான் சொன்னேன் என்று ஒரு பேச்சு உண்டு. "எனக்கு வயரோட கலர் தெரிஞ்சாப் போதும்" என்றான். அந்த வகையில் நல்ல பையன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பகல். உறவுக்காரர்கள் கூடம் நிறைய. பேனர்காரன் சொன்னபடியே ஒரு பெரிய தட்டி அடித்து வாசலில் கட்டியிருந்தான். அதில் எங்கள் பெண், பவுடர் டப்பாவில் விழுந்து எழுந்த மாதிரி ரோஜா நிறத்தில் இருந்தாள். உள்ளே குளியலறைக் கதவு சாத்தி நெடுநேரமாகிவிட்டது. வாளி நகர்கிற சத்தம், தாள் சுருட்டிப் போட்ட டப்பா உருள்கிற சத்தம், பிறகு தண்ணீர் விடுகிற சத்தம். கதவு திறந்தது. கை முழுக்க ஈரத்தோடு அவர் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேரே படிக்கட்டுத் திண்டில் கட்டியிருந்த கொடிக்குப் போய், இரண்டு கிளிப் போட்டு மாட்டினார்.

கூட்டம் மொத்தமும் அங்கே நகர்ந்தது. பேனர்காரன் முன்னால் போய் நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்தான்.

"யாரும் எதுவும் சொல்லக் கூடாது" என்றாள் டெய்லரம்மா.

"இல்லக்கா, நான் என்ன சொல்ல வர்றேன்னா—"

"சொல்லாதே. நல்லா இருக்குன்னும் சொல்லாதே. வாயத் தொறந்தீன்னா நாளைக்குப் பந்தியில உனக்கு எலை கெடையாது."

அவள் கைக்குள்ளே அந்த உடுப்பில் மிஞ்சிய துணித் துண்டு இருந்தது. சிவப்பும் பச்சையும் ஒட்டினது. படத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்க்கத்தான் எடுத்து வைத்திருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவள் பிடிக்கவில்லை. மெஷினடிக்குப் போய், கத்தரியால் அதைப் பொடிப்பொடியாக வெட்டி, ஊசி குத்தி வைக்கிற குட்டித் தலையணைக்குள் திணித்துத் தைத்துவிட்டாள்.

மகள் மட்டும் படத்துக்குக் கிட்டே போனாள். "அப்பா, நான் சிரிச்சிருக்கேன்" என்றாள்.

"அது எனக்கும் தெரியுது" என்றார் அவர்.

நானும் பார்த்தேன். கண்ணாடி போட்டும் பார்த்தேன், போடாமலும் பார்த்தேன். அந்தச் சிவப்பு எப்படி விழுந்திருந்தது, அந்தப் பச்சை பச்சையாக இருந்ததா என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வாட்ச்மேன் கேட்டான், மருந்துக்கடைக்காரர் கேட்டார், என் சொந்தப் பெண்ணே கேட்டாள். இந்தக் கட்டிடத்தில் என் வாயிலிருந்து வெளியே போகாத ஒரே சமாச்சாரம் அதுதான்.

மகள் எலக்ட்ரீசியனைக் கட்டிக்கொண்டு அவன் வேலை பார்க்கும் ஊருக்குப் போனாள். படமும் கூடப் போனது, கூடத்தில் மாட்டியிருக்கிறாளாம். பேனர்காரன் கடையை வேறு தெருவுக்கு மாற்றி, அந்தத் தெருவிலேயே ஒரு பெண்ணையும் பார்த்துக் கட்டிக்கொண்டான். அக்காவோடு இப்போது பேச்சு உண்டு, நிறத்தைப் பற்றி மட்டும் கிடையாது. அந்தக் கோட்டுக்காரப் பெண், தோழிகள் நாலு பேருக்கு அளவு அனுப்பியிருந்தாள். போன வருடம் ஸ்டோர்காரருக்கு வேறு டெப்போவுக்கு மாற்றலாகி அவர்களும் காலி செய்துகொண்டு போனார்கள். போகிற வீட்டில் கரண்ட் அடிக்கடி போகும் என்று, மிச்சமிருந்த ஒரு ரோலை என் கதவைத் தட்டிக் கொடுத்தார். தனக்குப் பேரனோ பேத்தியோ வந்தால் வேண்டும் என்றார்.

போன வாரம் என் மருமகன் ஐஸ் எடுக்கப் போனவன், அந்த டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டான். நான் போட்ட சத்தம் மருந்துக்கடை வரைக்கும் போயிருக்கும். எதிர்வீட்டுப் புதுக் குடித்தனக்காரி கையில் வாளியோடு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நான் டப்பாவைத் திரும்ப ஃப்ரீசருக்குள் வைத்து, மேலே படிந்திருந்த பனியை விரலால் வழித்தேன். நம்பர் தெரிந்தது.