சின்னம்மாளின் ‘ச்சு’

சின்னம்மாள் வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். சொல்ல வேண்டியதில் முக்கால்வாசியை நாக்கைச் சொடுக்கி ஒரு ‘ச்சு’வில் முடித்துவிடுவாள். சாவுச் செய்தி வந்தால் நீளமாக ஒன்று. குழம்பில் உப்பு கூடிப்போனால் வெடுக்கென்று ஒன்று. பேரனைக் கொஞ்ச, பூனையைக் கூப்பிட, டிவியில் வரும் மாமியாரைத் திட்ட, எல்லாவற்றுக்கும் அதேதான். இரண்டு தரம் சேர்ந்தாற்போல் வந்தால் ‘வேண்டாம்’ என்று பொருள். மொரப்பூர்ப் பக்கம் ச்சு கொட்டாத ஆள் யார் இருக்கிறார்கள்? ஆனாலும் இவளுடையது தனி. முப்பது வருஷமாகக் கூட இருக்கும் புருஷன் குப்புராஜுக்கு அதில் ஒன்றுகூடப் புரியாமல் போனதில்லை. அந்தப் பெருமை மனுஷனுக்கு நிறையவே உண்டு.

செவலைப் பசுவை விற்றுவிடுவது என்று அவர் முடிவு செய்தார். மாடு ஒன்று கட்டிக்கிடந்தால் ஒரு விசேஷத்துக்குப் போய் ஒருநாள் தங்க முடிகிறதா? அவருக்கு முட்டிவலி வேறு. அவளிடம் கேட்டால் என்ன வரும் என்று தெரியும். அதனால் கேட்காமலேயே, கறவை மாடு தேடிக்கொண்டிருந்த தமிழ்மணியைப் பொம்மிடியிலிருந்து வரச்சொல்லிவிட்டார்.

தமிழ்மணி மாட்டைச் சுற்றிவந்து பார்த்தான், பல்லைப் பிடித்துப் பார்த்தான். பிறகு கூடத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அப்ப முடிச்சுக்கலாங்களா அண்ணா?”

குப்புராஜ் வாயெடுப்பதற்குள் சமையற்கட்டிலிருந்து வந்தது: ‘ச்சு ச்சு.’

தமிழ்மணி சட்டென்று குனிந்து தரையை மூன்று தரம் தட்டினான். “பாத்தீங்களா, பல்லியே சொல்லிருச்சு! இதுக்கு மேல என்னங்க யோசன?”

அது பல்லி இல்லை என்று குப்புராஜுக்கு நன்றாகத் தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் தானாக வந்து வாய்த்த வசதியை விட மனம் வரவில்லை. அவரும் குனிந்து தரையைத் தட்டினார். நிமிர்ந்தபோது காபி தம்ளரோடு சின்னம்மாள் நிலைப்படியில் நின்றிருந்தாள்.

அன்று சாயங்காலமே பசு வண்டியேறிப் போனது. அதோடு வீட்டில் ச்சு சத்தமும் நின்றது. வேண்டுமென்றே ரசத்தில் உப்பை அள்ளிப்போட்டுப் பார்த்தார், பேசாமல் குடித்தாள். மேலத்தெருவில் ஒரு சாவு என்றார்; “அப்படிங்களா” என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. முப்பது வருஷம் தன்னிடம் பேசிக்கொண்டிருந்தவளை தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பல்லியாக்கிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

நாலாம் நாள் காலையில் தமிழ்மணி போன் பண்ணினான்.

“அண்ணா, வந்ததிலேருந்து சொட்டுச் சொட்டாத்தான் கறக்குதுங்க. இன்னிக்கு அதுவும் இல்ல. மடி கல்லாட்டம் இருக்குது, கிட்டப் போனா ஒதைக்குது. அக்கா கறக்கறப்ப நாக்குல என்னமோ சத்தம் பண்ணுவாங்களாமே, உங்க பக்கத்து வூட்டு ராஜா சொன்னாரு. போன்லயே கொஞ்சம் பண்ணச் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போட்டு அது காதுகிட்ட வெக்கறேன்.”

குப்புராஜ் போனை நீட்டினார். அவள் வாங்கவில்லை. அப்போது போனுக்குள்ளிருந்து செவலை ‘ம்மா’ என்றது.

சின்னம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. போனைப் பிடுங்கி வாயருகே வைத்துக்கொண்டாள். ‘ச்சு... ச்சு... ச்சு...’ மெதுவாக, முதுகைத் தடவிக்கொடுப்பது போல. அந்தப் பக்கம் பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சர்ர் சர்ர் என்று பாத்திரத்தில் பால் விழுந்தது.

“எறங்கிருச்சுங்க அக்கா! நிறுத்திராதீங்க!”

கறந்து முடியும்வரை அவள் நிறுத்தவில்லை. இந்த ச்சுவைக் குப்புராஜ் கேட்டதே கிடையாது. தினமும் அவர் எழுந்திருப்பதற்குள் கறவை முடிந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை. அவருடைய பெருமையெல்லாம் அங்கேயே வடிந்தது. போனை வாங்கினார்.

“தமிழ்மணி, அடுத்த ரயிலப் புடிச்சு வர்றேன். மாட்ட நானே திருப்பிக்கிறேன்.”

“என்னங்ண்ணா இது, பல்லி சொல்லி முடிச்ச யாவாரம்ங்களே!”

“அது பல்லி இல்லப்பா, எங்க வூட்டுக்காரி. வேண்டாம்னு சொன்னா. எனக்கு அப்பவே கேட்டுது.”

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு, கிடைத்த செருப்பைக் காலில் நுழைத்துக்கொண்டு வாசலில் இறங்கினார்.

பின்னாலிருந்து ‘ச்சு’ என்று வெடுக்கென ஒன்று வந்தது.

குனிந்து பார்த்தார். இரண்டு செருப்பையும் கால் மாற்றிப் போட்டிருந்தார். உப்பு கூடிப்போன குழம்புக்கு அவள் போடும் அதே ச்சுதான். குப்புராஜுக்கு அழுகையே வந்துவிட்டது.