வண்டி யார் பேரில்

எனக்கு ஒரு வண்டி வேணும், கியர் வண்டி, அவருக்கு இல்ல எனக்கு, என்று சொன்னபோது நான் மாப்பிள்ளை சொல்லியிருந்த அந்த உயரமான சிவப்பு வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன், இரண்டு கால் பெருவிரல்களும் ஷோரூமின் வழவழப்பான தரையைத் தேடிக்கொண்டிருந்தன, வண்டி சாயாமல் பிடித்திருந்த அப்பாவின் கை அப்படியே இறுகிப்போனது, பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் அம்மா காதோடு சொல்லியிருந்தாள், அங்க வந்து எனக்கு உனக்குன்னு எதையும் கேட்டுராதட்டி, மாப்பிள்ளைக்கு எடுக்கிற வண்டி, கலரை மட்டும் நீ சொல்லு, அதுதான் முறை, என்று. எங்கள் பக்கத்தில் அப்படித்தான், நிச்சயம் முடிந்ததும் எந்த வண்டி என்று மாப்பிள்ளை சொல்வார், என்ன கலர் என்று பெண் சொல்வாள், பெண்ணின் அப்பா அதை மாப்பிள்ளை பேரில் எடுத்து, தாலி கட்டிய மறுநாள் மாலை போட்டு அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்துவார், நாங்களா எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யுதீங்க, என்று அவர்கள் சிரிப்பார்கள், பெண்ணுக்குச் செய்த அந்த வண்டியில் பெண் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போவாள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான், விதைக் கம்பெனி வேலையில் கரிசல் காடு காடாக நடந்து, மக்காச்சோளக் கதிரை உரித்து உரித்துப் பார்த்து வாங்கிய சம்பளம், அப்பா தொடாமல் சேர்த்து வைத்தது, இப்போது சிவப்பாகப் பளபளத்துக்கொண்டு எனக்கே கால் எட்டாத உயரத்தில் நிற்கிறது.

அம்மாவை நான் வண்டியில் வைத்துத்தான் நினைக்கிறேன், எப்போது நினைத்தாலும் அப்பாவின் பழைய வண்டியும் சேர்ந்தே வருகிறது, பெட்ரோல் டேங்க் மேல் நான், பின்னால் ஒருபக்கமாக அம்மா, மடியில் உரச்சிப்பம், அதன்மேல் ஒரு கோழி, ஒரு கையால் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி, அப்பா வளைக்கும் முன்னாலேயே வளைவுக்குச் சாய்ந்து கொடுப்பாள், வண்டியை ஓட்டுவது யாரென்று எனக்கு அந்த வயதிலேயே சந்தேகம் உண்டு. தரைப்பாலத்தில் செந்தண்ணீர் ஓடுகிறது, நடுவில் எஞ்சின் நிற்கிறது, அப்பாவின் கால் பாசியில் வழுக்குகிறது, வண்டி சாய்கிறது, சாய்ந்துகொண்டே இருக்கிறது, இன்றைக்கும் என் கனவில் அது விழுந்து முடிவதில்லை, ஏனென்றால் அம்மா குதித்துவிட்டாள், சிப்பம் ஆற்றோடு போகிறது, கோழி போகிறது, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பின்கம்பியைப் பிடித்து வண்டியை நிறுத்தியே விடுகிறாள், நீரு ஹேண்டிலை மட்டும் பிடியும், மத்ததை நான் பாத்துக்கிடுதேன், என்று கத்துகிறாள், என்ன ஒரு பொம்பளை, நான் டேங்கைக் கட்டிக்கொண்டு அவளையே திரும்பிப் பார்க்கிறேன், கரையேறியதும் அப்பா ஊர் முழுக்கச் சொன்னார், நல்லவேளை நான் பிரேக்கைப் பிடிச்சேன், இல்லன்னா மூணு பேரும் போயிருப்போம், என்று, அம்மா மறுக்கவே இல்லை, கோழிக்கு மட்டும் வருத்தப்பட்டாள். அதே வண்டியில்தான் நானும் ஓட்டக் கற்றேன், அப்பா மத்தியானம் தூங்கும்போது, வற்றிய கண்மாய்க்குள், கரையில் அம்மா காவல், விழுந்தா எந்திரி, மொகத்துல மட்டும் காயம் வாங்காத, பொண்ணு பாக்க வருவாக, என்று அங்கிருந்தே குரல் கொடுப்பாள்.

லேடீஸுக்கு ஸ்கூட்டர் அந்தப் பக்கம் இருக்கு மேடம், என்றார் ஷோரூம்காரர் பால்துரை, பேரைச் சட்டையில் குத்தியிருந்தார், நான் சிவப்பு வண்டியிலிருந்து இறங்கி, உங்க ஸ்கூட்டரோட சின்னச் சக்கரம் கரிசல் சேத்துல புதைஞ்சா நீங்க வந்து தூக்குவீங்களா, என்று கேட்டேன், அவர் சிரித்துவிட்டார், அண்ணாச்சி, மகள் என்ன வக்கீலுக்கா படிச்சிருக்கு, என்று அப்பாவிடம் கேட்டார், அப்பா சிரிக்கவில்லை. வரிசையின் கடைசியில் அது நின்றது, கறுப்பு, தாழ்ந்த நீளமான சீட், வட்ட விளக்கு, யாரிடமும் எதையும் காட்ட வேண்டியதில்லை என்பதுபோல ஓர் அமைதி, உட்கார்ந்தேன், இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன, எனக்கு அழுகை வந்தது, கோபம் மாதிரி வந்த அழுகை, ஸ்டாண்டிலிருந்து இறக்கினேன், இறங்கியது, மிதித்து ஏற்றினேன், ஏறியது, பின்பக்கத்து முற்றத்தில் ஓட்டிப் பாருங்க என்றார் பால்துரை, எடுத்தேன், போனேன், அப்புறம்தான் அவமானம், அப்பாவின் வண்டியில் எல்லாக் கியரும் முன்னால் மிதித்தால் விழும், அந்தப் பழக்கத்தில் மிதிக்கிறேன், மிதிக்கிறேன், முதல் கியரிலேயே வண்டி அலறுகிறது, ரெண்டாவதுக்கு விரலை அடியில குடுத்து மேல தூக்கணும் மேடம், என்று பால்துரை ஓடிவருகிறார், தூக்கினேன், அந்த அலறல் அடங்கி வண்டி ஒரு மூச்சு விட்டதே, அது என் உடம்பு விட்ட மூச்சு, முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஷோரூமுக்குள்ளேயே திரும்ப வந்து நின்றேன்.

அம்மா கிட்டே வந்தாள், சீட்டைத் தடவினாள், சேலையை முழங்காலுக்குத் தூக்கி, காலை அந்தப் பக்கம் போட்டு, ஆம்பளை மாதிரி என் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஏ முப்பிடாதி, ஆளுக பாக்காக, என்று அப்பா பதறினார், பாக்கட்டும், இத்தனை வருசமா ஒருபக்கமா ஒக்காந்து இடுப்பு கோணிப்போச்சு, அதை எவன் பாத்தான், என்றாள் அம்மா, அவள் முழங்கால்கள் என் இடுப்பின் இரண்டு பக்கமும் வெதுவெதுப்பாக இருந்தன, தரைப்பாலத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்திய அந்த உடம்பு முதல்முறையாக நேராக உட்கார்ந்திருக்கிறது, இவளுக்காகவே நான் நாளெல்லாம் ஓட்டலாம். பதிவு யார் பேர்ல அண்ணாச்சி போடணும், என்று பால்துரை கேட்டார், அப்பா வாயைத் திறந்தார், மாப்பிள்ளையின் பேர் பாதி வந்தது, நான் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு வண்டியை விட்டு இறங்கி, பால்துரைக்கு எதிரே நின்று என் பேரைச் சொன்னேன், அப்பாவின் இனிஷியலோடு, ஒவ்வோர் எழுத்தாக. அவுக வீட்டுக்கு நான் என்னட்டி பதில் சொல்ல, கல்யாணம் நின்னுபோகும், என்றார் அப்பா, அவர் குரலில் அடிக்கிற கோபம் இல்லை, பயம்தான் இருந்தது, வண்டி எடுத்தாச்சுன்னு சொல்லுங்கப்பா, என் சம்பளத்துல என் பேர்ல எடுத்தாச்சுன்னு, அதுக்கப்புறமும் என்னைக் கட்டிக்கிடணும்னா வரட்டும், நின்னா நிக்கட்டும், என்றேன், அவர் அம்மாவைப் பார்க்கிறார், அம்மா இன்னும் அந்தச் சீட்டில்தான் இருக்கிறாள், இறங்குகிற எண்ணமே இல்லாதவள் போல, நீரு எதுக்கு முழிக்கீரு, நான் சொல்லிக்கிடுதேன் அவுககிட்ட, என்கிறாள். இதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை, முடிந்தது, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடக்கிறேன், வெயில் முகத்தில் அறைகிறது, எதிர்ச் சாலையில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது, கதவு மெதுவாக மூடிக்கொள்ளும் அந்த இடைவெளியில் அப்பாவின் குரல், பால்துரையிடம், தணிந்து, ஹெல்மெட்டு ஒண்ணுதான் தருவீகளா, ரெண்டா, இவ அம்மையும்லா கூடப் போவா.